கம்பெனி உயரம்

ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தது. உடும்பிடம் ஒரு கார் இருந்தது. காருக்கு நாலு ஸ்பிரிங் இருந்தது. கதை தொடங்கும்போது நாலும் பாதிப் பாதிதான். மிச்சப் பாதியை உடும்பே ரம்பத்தால் அறுத்துப் போட்டிருந்தது.

உடும்பின் பெயர் இருளப்பன். யானை பெரியதம்பி ஓட்டிச் சலித்துப் புளியமரத்தடியில் விட்டுவிட்டுப் போன பழைய காரைக் கேட்டு வாங்கி, பொந்து வாசலுக்கு இழுத்து வந்து, இரண்டு கோடையாக அதைப் பந்தயக் காராக மாற்றிக்கொண்டிருந்தான். பின் சீட்டைக் கழற்றினான். தரை விரிப்பைக் கிழித்தான். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியைக்கூட எடை என்று சொல்லிப் பிடுங்கி எறிந்தான். கடைசியில் ஸ்பிரிங்கில் கை வைத்தான். வண்டி எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்கு வளைவில் தரையைக் கவ்வும் என்பது பந்தயக்காரர்கள் சொல்வது. பிடியைப் பற்றி உடும்புக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அறுத்து முடித்ததும் வண்டிக்கு எதிரே குப்புறப் படுத்துப் பார்த்தான். வண்டியின் வயிறும் அவன் வயிறும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருந்தன. அவனுக்கு ஏகப்பட்ட திருப்தி.

அவன் மனைவி அங்காயிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. அவள் முட்டையிடும் பருவம் நெருங்கிவிட்டது. வாசலில் நல்ல வெயில் படும் இடத்தையெல்லாம் கார் அடைத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இந்த வருசமாச்சும் இது பந்தயத்துல ஓடுமா, ஓடாதா?"

"ஓடும் புள்ள."

"ஓடலைன்னா இதுக்குள்ள மண்ணைக் கொட்டி முட்டை போட்டுருவேன். அப்புறம் எடு, நகத்துன்னு எங்கிட்ட நிக்கக் கூடாது."

இருளப்பன் சரி என்று தலையாட்டினான். வறண்ட ஏரிக்குள் வருடா வருடம் நடக்கும் பந்தயத்தில் ஒரே ஒரு தடவை ஓட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை. ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிறந்ததிலிருந்து எல்லோரும் தன்னைத் தாண்டிப் போவதையே பார்த்து வளர்ந்தவன். யாராவது ஒருவரைத் தான் தாண்டிப் போக வேண்டும். ஆமையாக இருந்தாலும் போதும்.

ஆனால் அந்த வருடம் பந்தயக் கமிட்டி புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. முந்தின வருடம் ஒரு கீரி தன் வண்டியை அளவில்லாமல் தாழ்த்தி, கரையான் புற்றில் வயிறு மாட்டி நடுவழியில் நிற்க, பின்னால் வந்த அத்தனை வண்டியும் அதன்மேல் ஏறிவிட்டன. ஆகவே, எந்த வண்டியும் கம்பெனியிலிருந்து வந்த உயரத்தைவிட நாலு விரற்கடைக்கு மேல் தாழக் கூடாது. யாருடைய விரல் என்று காட்டுப்பன்றி ஒரு சந்தேகம் கேட்டது. குளம்பு உள்ளவர்கள் இதில் பேச வேண்டாம் என்று பதில் வந்தது.

வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி கொக்கு தணிகாசலம். ஒற்றைக் காலில் நின்றுதான் அளப்பார். இரண்டு காலையும் ஊன்றினால் தரை அமுங்கி அளவு தப்பிவிடுமாம். இருளப்பன் வீட்டுக்கு வந்தவர், கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்துத் தரை மட்டமா என்று பார்த்தார். டயரில் காற்றைப் பார்த்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பைப் பிடித்தார். குறை சொல்ல முடியாத வேலை.

"இப்ப இருக்கிற உயரம் கெடச்சாச்சு. கம்பெனி உயரம் எவ்வளவு?"

"தெரியலீங்க ஐயா."

"அறுக்கறதுக்கு முன்னாடி அளந்திருப்பீங்களே."

இருளப்பன் தன் வாலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அறுக்கறப்ப ஒரு சந்தோசத்துல இருந்துட்டேங்க."

"சந்தோசமெல்லாம் சரி. எங்கேருந்து தாழ்ந்துச்சுன்னு தெரியாம எவ்வளவு தாழ்ந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்றது? கண்டுபிடிச்சிட்டுக் கூப்பிடுங்க. இல்லேன்னா வண்டி ஓடாது."

அங்காயி வெளியே வந்தாள். பின் சீட்டு இருந்த இடத்தை எட்டிப் பார்த்து, எத்தனை கூடை மண் பிடிக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இருளப்பன் அதையும் விடாமல் செய்தான். முதலில் பெரியதம்பியிடம் போனான்.

யானை நிதானமாக யோசித்தார். "நான் ஏறுவேன்ப்பா. ஏறினதும் வண்டி தரையில உக்காந்துரும். எறங்கினப்புறம் நான் திரும்பிப் பார்த்ததே இல்ல. எனக்குத் தெரிஞ்சு அதுக்கு உயரம்னு ஒண்ணும் கெடையாது."

அணிலைக் கேட்டான். "அண்ணே, அடியில நின்னு அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும்," என்றது. காட்டெருமை, தன் முழங்காலுக்கு வரும் என்றது. எருமைக்கு நாலு முழங்காலும் ஒரே உயரமில்லை என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் காரைத் தங்களை வைத்தே ஞாபகம் வைத்திருந்தார்கள். இருளப்பனுக்கு அலுத்துப்போய்விட்டது.

அப்போதுதான் அவனுக்கு ஓர் உருப்படியான யோசனை வந்தது. அதே மாடல், அதே வருடம், யாரும் கை வைக்காத கார் ஒன்று கிடைத்தால் அதை அளந்துவிடலாமே. அப்படி ஒரு கார் காட்டில் இருந்தது. மயில் ராசமாணிக்கத்தின் கார்.

மயில் அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து வெளியே எடுத்ததே இல்லை. வெயில் பட்டால் பெயிண்ட் மங்கும், மழை பட்டால் துரு ஏறும், ரோட்டில் போனால் ரோடு படும். சீட்டில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஸ்டீயரிங்கில்கூட உறை. விருந்தாளி வந்தால் ஷெட்டுக்கு அழைத்துப் போய், "இன்னும் கவர் பிரிக்கல," என்று சொல்வதுதான் மயிலுக்கு அந்தக் காரால் கிடைத்த பயன்.

கொக்கு வந்தார். கவரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. மறுபடி கொட்டாங்குச்சி, மறுபடி காற்று, மறுபடி டேப். இருளப்பன் வழக்கம்போல் தரையோடு தரையாகப் படுத்து அடியில் பார்த்தான். ஸ்பிரிங்குகள் நாலும் நசுங்கிக் கிடந்தன. கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தான். பிளாஸ்டிக் உறை போட்ட சீட்டின்மேல் கம்பு மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு பித்தளை அண்டா, அதற்குள் ஓர் ஆட்டுக்கல்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருளப்பன் நீதிக்கதையில் வளர்ந்த பிராணி. உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று நம்பினான்.

"ஐயா, உள்ள மூட்டை இருக்குதுங்க. பாரத்துல வண்டி அமுங்கியிருக்கு. இது கம்பெனி உயரம் இல்லீங்க."

கொக்கு மயிலைப் பார்த்தார். வீட்டில் இவ்வளவு கம்பு இருப்பது வெளியே தெரிந்தால் சொந்தக்காரர்கள் வந்து மழைக்காலம் முடியும்வரை தங்கிவிடுவார்கள் என்று மயிலுக்குப் பயம்.

"அதெல்லாம் வண்டியோட வந்ததுங்க," என்றது மயில்.

"ஆட்டுக்கல்லுமா?"

"கவரே பிரிக்கல பாருங்க."

கொக்கு குனிந்து உறையை இன்னொரு தடவை பார்த்தார். "சரிதான். கவர் பிரிக்காத வண்டிக்குள்ள என்ன இருந்தாலும் அது கம்பெனி குடுத்ததுதான்." அளவைக் குறித்துக்கொண்டார்.

பிறகு இருளப்பன் வண்டியை மறுபடி அளந்தார். மயிரிழை வித்தியாசம் இல்லை. மயிலின் வண்டியை விட்டால் காட்டிலேயே அச்சு அசலாகக் கம்பெனி உயரத்தில் இருந்தது அந்த ஒரு வண்டிதான். மற்ற எல்லா வண்டியும் அதைவிட உயரம், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தவை உட்பட. அன்று இருளப்பன் வீட்டுக்கு வந்து அங்காயியிடம் இரண்டு தடவை சொன்னான், ஓடப்போகிறது என்று.

பந்தய நாள் வந்தது. சுரைக்குடுக்கையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருளப்பன் ஏரிக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். கொக்கு ஒரு கயிற்றோடு வந்து வண்டியைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார்.

"என்னங்க ஐயா இது?"

"இது இனிமே பந்தய வண்டி இல்ல, மாதிரி வண்டி. காட்டுக்கே கம்பெனி உயரம் இதுதான்னு கமிட்டி முடிவு பண்ணியாச்சு. எல்லாரையும் மயில் வீட்டுக்கா கூட்டிட்டுப் போக முடியும்?"

"ஒரே ஒரு சுத்து மட்டும் ஓட்டிக்கிறேங்க."

"ஓடினா டயர் தேயும். தேஞ்சா உயரம் குறையும். காட்டோட கம்பெனி உயரமே குறைஞ்சு போனா யாரு பொறுப்பு?"

"இது தப்பான உயரம்னு நானே சொல்றேனே ஐயா. நாந்தான் அறுத்தேன்."

"உங்க வண்டியப் பத்தி நீங்களே சொன்னா அது ஒருதலைப்பட்சம்," என்று சொல்லி கொக்கு முடிச்சை இறுக்கினார்.

பந்தயம் நடந்தது. இருளப்பன் கயிற்றுக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். முயல் போனது, கீரி போனது, பன்றி போனது. எல்லோருக்கும் கடைசியில் வந்த ஆமை, அவன் வண்டியைக் கண்டதும் தன் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, பயபக்தியோடு பம்பரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மெதுவாக ஏறிப் போனது. அதுவரை இருளப்பன் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போது வந்துவிட்டது.

சாயங்காலம் அங்காயி கூடையில் மண்ணோடு ஏரிக்கு வந்தாள். புருஷன் கண்ணைப் பார்த்தாள். வண்டியின் பின்பக்கக் கதவைத் திறந்தாள்.

"அம்மா, ஒரு துரும்பு உள்ள போனாலும் உயரம் மாறிடும்," என்று கொக்கு தடுத்தார்.

"மயில் வண்டிக்குள்ள சாமான் இருந்துச்சுதானே?"

"இருந்துச்சு. கம்பெனி குடுத்தது."

"அப்ப கம்பெனி வண்டின்னா உள்ள சாமான் இருக்கணும். இது காலியால்ல இருக்கு? நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவீங்க?"

கொக்கு காலை மாற்றி நின்றார். உத்தியோகத்தில் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. பிறகு கயிற்றை அவரே தூக்கிப் பிடித்தார், அவள் குனியாமல் உள்ளே போவதற்காக.

அங்காயி கூடை கூடையாக மண்ணைக் கொட்டி முட்டையிட்டாள். வண்டி இன்னும் இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. காலையில் கொக்கு வந்து அளந்து, புதிய கம்பெனி உயரத்தை ஏரிக்கரையில் நின்று அறிவித்தார். மதியத்துக்குள் காடு முழுக்க ரம்பச் சத்தம் கேட்டது.

இப்போதெல்லாம் தூரதேசத்திலிருந்து பந்தயக்காரர்கள் இருளப்பனைப் பார்க்க வருகிறார்கள். நிஜமான கம்பெனி உயரம் எவ்வளவு என்று பணிவாகக் கேட்கிறார்கள். "தெரியலீங்க," என்கிறான் அவன். எவ்வளவு பெரிய மனுஷன், எவ்வளவு அடக்கம் என்று பேசிக்கொண்டு போகிறார்கள்.

நீதி: அறுப்பதற்கு முன் அளக்காதே. அளந்தால் நீ செய்த தப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அளக்காவிட்டால் அதுவே ஊருக்கு அளவாகிவிடும்.