புதுச்சேரியில் நான் ஓட்டிய புஷ் வண்டி

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை. கல்யாணமான புதிதிலேயே யாராவது புண்ணியவான் அந்த வாயைத் தைத்துவிட்டிருந்தால், ஒரு மூட்டை முந்திரிப்பருப்போடு நானும் அந்நிய நாட்டுப் போலீஸ்காரர் காலில் விழுந்திருக்க மாட்டேன்.

நாற்பதுகளில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் நாடு. என் மனைவி காமாட்சியின் சித்தப்பாவுக்கு அங்கேதான் உத்தியோகம். விருந்துக்கு அழைத்திருந்தார். மடியில் முந்திரி மூட்டையும் பக்கத்தில் காமாட்சியுமாகச் செந்துறையில் ரயில் ஏறினேன்.

"புதுச்சேரி எனக்கு நாலஞ்சு தடவை பாத்த ஊருதான், புள்ள" என்று விழுப்புரம் வருவதற்குள் மூன்று முறை சொல்லியாயிற்று. (பார்த்தது பூகோளப் படத்தில்.) அவள் லேசாகச் சிரித்தாள். பெருமையில் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளுக்குள் எனக்கு ஒரே பயம். அங்கே போலீஸில் மாட்டினால் கப்பலில் ஏற்றி ஏதோ தீவில் இறக்கிவிடுவார்கள், பிறகு ஆளைத் தேடவே முடியாது என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு. புதுச்சேரி ஸ்டேஷனுக்கு வெளியே சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரைப் பார்த்தவுடனேயே காமாட்சியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

வாசலில் புஷ் வண்டிகள் நின்றன. மாடும் இல்லை, குதிரையும் இல்லை. இரண்டு பேர் நெருக்கி உட்காரும் கூண்டு. பின்னாலிருந்து ஒரு ஆள் தள்ளுவான். முன்னால் இருந்த சின்னச் சக்கரத்திலிருந்து ஒரு இரும்புக் கம்பி மடிவரை நீண்டிருந்தது.

"ஐயாவுக்கு இதுல பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"பழக்கமா! தள்ளுய்யா, பேசாம."

தள்ளினார். வண்டி வழவழப்பான ரோட்டில் பறந்தது. அந்தக் கம்பி பயந்தவன் பிடித்துக்கொள்ள வைத்தது போலிருக்கிறது என்று இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன். பயம் கூடக் கூட இடப்பக்கமாகச் சாய்ந்தேன். வண்டியும் இடப்பக்கமாகவே போயிற்று. ஒரு வெள்ளைக்காரியின் குடையை உரசி, ஒரு காரின் முகத்துக்கு நேராகப் போய் மயிரிழையில் விலகியது.

"என்னய்யா ஓட்டுறே? குடிச்சிருக்கியா?" என்று பின்னால் பார்த்துக் கத்தினேன்.

"நான் தள்ளத்தாங்க செய்றேன்! ஓட்டுறது நீங்கதானுங்க!"

(நம் சீமையில் காசு கொடுத்து ஏறினவனை எவனாவது வண்டி ஓட்டச் சொல்வானா?)

எதிரே ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு பெரிய வாய்க்கால். அதன் கரையில் ஒரு சிவப்புத் தொப்பி. அரியலூர் சந்தைக்கு இரட்டை மாட்டு வண்டியைத் தூங்கிக்கொண்டே ஓட்டுகிறவன் நான். அந்த நேரத்தில் கைக்கு வந்ததும் அந்த வித்தைதான். கம்பியை மூக்கணாங்கயிறாக நினைத்து, நெஞ்சோடு சேர்த்து இழுத்து, "ஹோ... ஹோ... ஹோவ்!" என்று அலறினேன்.

வண்டிக்கு அந்தப் பாஷை புரியவில்லை. கரைச் சுவரில் போய் முட்டியது. மூட்டை பிரிந்து முந்திரி போலீஸ்காரர் பூட்ஸ்மேல் கொட்ட, அதன்மேல் நான் கொட்டினேன்.

சிவப்புத் தொப்பி என்னவோ பிரெஞ்சில் கேட்டது. கப்பல் தெரிந்தது, தீவு தெரிந்தது. "ஐயா, புள்ளகுட்டிக்காரனுங்க" என்று காலைப் பிடித்தேன். (கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை.)

அடுத்த கேள்வி சுத்தமான தமிழில் வந்தது. "ஓட்டுனது யாரு?"

நான் வண்டிக்காரரைக் காட்டினேன். வண்டிக்காரர் என்னைக் காட்டினார். உள்ளேயே ஆடாமல் உட்கார்ந்திருந்த காமாட்சி சொன்னாள்: "இவருதாங்க. ஊருக்குப் புதுசு."

அவர் தொப்பியைச் சரிசெய்து, பூட்ஸ்மேல் கிடந்த ஒரு பருப்பை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டார். "மாப்பிள்ளைய பத்திரமா கூட்டிட்டுப் போம்மா."

"தள்ளி உக்காருங்க" என்று கம்பியைக் கையில் வாங்கினாள் காமாட்சி. இரண்டு வளைவு, ஒரு பாலம்; எதிலும் உரசாமல் சித்தப்பா வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். சின்ன வயதில் லீவுக்கு லீவு அங்கே வந்து ஓட்டிப் பழகியவளாம்! ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நாலஞ்சு தடவை வந்தவருக்கு நான் என்ன சொல்றது என்றாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் எவர் பீற்றிக்கொண்டாலும் மற்றவர்கள் கையை நெஞ்சோடு இழுத்து "ஹோ ஹோவ்" என்பார்கள். பேரப்பிள்ளைகள் வரைக்கும் அது வந்துவிட்டது.

போன மாதம் மகன் கார் வாங்கி வந்தான். ஓட்ட அல்ல, சும்மா தோரணைக்கு அவன் பக்கத்தில் முன்சீட்டில் உட்காரலாமே என்று கதவைத் திறந்தேன். காமாட்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பின்னாடி உக்காருங்க."