முயல் கூட்டத்திலிருந்து என்னை எடுத்துவிடச் சொல்லவும்

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் தங்கை வணங்கி எழுதுவது. இங்கே நானும் மகளும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்கள் எல்லாரும் அதைவிடக் கொஞ்சம் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன்.

அவர் போய் ஆறு மாசமா தையல் மெஷினில் உட்கார்ந்து ஊரார் துணியை எல்லாம் கண்ணீரால நனைச்சுக்கிட்டு இருக்கேன்னு, மகளோட சேர்ந்து நீயும் இங்கிலீஷ் கிளாசுக்குப் போன்னு நீங்கதானே அண்ணா சேர்த்துவிட்டீங்க. போனேன். அங்கே வயசைப் பார்த்துப் பிரிக்க மாட்டாங்களாம், திறமையைப் பார்த்துத்தான் பிரிப்பாங்களாம். டீச்சரம்மா, கவுனுக்கு அளவெடுக்கற வயசுதான் இருக்கும், என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷ்ல என்னென்னமோ கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எல்லாம் உங்க மாப்பிள்ளை வாயில எப்பவும் கிடக்குமே, அந்த "நோ ப்ராப்ளம்" ஒண்ணுதான். வாடகை கேட்டு வீட்டு ஓனர் வந்தாலும் அதான், கேஸ் சிலிண்டர்காரர் வந்தாலும் அதான், கடைசியில நெஞ்சு வலிக்குதான்னு கேட்ட டாக்டர்கிட்டயும் அதையே சொல்லிட்டுத்தானே போய்ச் சேர்ந்தார். நானும் பேர் கேட்டதுக்கு நோ ப்ராப்ளம், வயசு கேட்டதுக்கு நோ ப்ராப்ளம்னேன். முயல் கூட்டத்துல போட்டுட்டாங்க.

முயல்னா எல்லாம் ஆறு வயசுப் பிள்ளைங்க, அண்ணா. நெஞ்சுல காகித முயல் குத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நாற்காலி அதுங்க அளவு, நான் எழுந்தா அதுவும் கூடவே எழுந்து வருது. உங்க மருமகள், ஒன்பது வயசுக்காரி, அவ பெரியவங்களோட சிங்கக் கூட்டத்துல. வீட்டுக்கு வந்து இடுப்பு வலிக்கு எந்தத் தைலம் நல்லதுன்னு பேசுறா, நான் மூக்குல பெயிண்ட்டோட வந்து நிக்கிறேன். முயல்கள் வீட்டுப்பாடத்துல பெரியவங்க கையெழுத்து வாங்கணும்னாங்க, எனக்கு அவதான் போட்டா. போட்டுட்டு, "ஏம்மா, உனக்குக் கவனமே இல்லையா?"ன்னு ஒரு அதட்டல் வேற.

பக்கத்துல ஒருத்தி, முன்பல் ரெண்டும் போனவ. "ஆன்ட்டி, நீங்க எத்தனை தடவை பெயில்?"னு கேட்கிறா. அடுத்து, "உங்க வீட்டு அங்கிள் எங்கே?"ன்னா. செத்துட்டார்னேன். "எங்க மீனும் செத்துடுச்சு. அந்தப் பச்சைக் கலரைக் குடுங்க"ன்னு வாங்கிட்டுப் போய் மரம் போடுறா. ஈவு இரக்கம் இருக்கா பாருங்க! நீங்க டீச்சரம்மாவுக்குப் போன் போட்டு, வயசுக்கு மரியாதை குடுத்து என்னைச் சிங்கத்துல சேர்க்கச் சொல்லணும். கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க.

அண்ணிக்கு முட்டிவலி குறையட்டும், பிள்ளைகள் நீடூழி வாழட்டும், உங்க கோபம் மட்டும் அந்தப் போனைப் போடுற வரைக்கும் குறையாம இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பின்குறிப்பு: போன் போட்டுடாதீங்க அண்ணா. இதை ஒட்டறதுக்குள்ள இன்னைக்கு டீச்சரம்மாவே என்னைச் சிங்கத்துல உட்கார வச்சுப் பார்த்தாங்க. நாற்காலி வசதிதான். ஆனா ஒவ்வொருத்தரா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, எப்படிப் போனார், என்ன வயசு, முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டலையான்னு ஆரம்பிச்சுட்டாங்க. கிளாஸ் முடியற வரைக்கும் அழுதேன். மகளும் அங்கேயேதான் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தா. வெளியே வந்ததும், "நீ முயல்லயே இரும்மா"ன்னா. திரும்பப் போய் நின்னேன். டீச்சரம்மா மறுபடியும் அதே கேள்வியெல்லாம் கேட்டாங்க. இப்ப எனக்குப் பதில் எல்லாம் தெரியும் அண்ணா, பேரும் சொல்லுவேன், வயசும் சொல்லுவேன். ஆனாலும் எல்லாத்துக்கும் நோ ப்ராப்ளம்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்தப் பச்சைக் கலர் திரும்ப என்கிட்டதான் இருக்கு, நாளைக்கு அந்த முன்பல் போனவ தேடுவா.