ஆர்வில் மச்சானின் ஸ்கோப்புக்கு நான் பெயிண்ட் அடித்த விவரம்

லிபி, மொன்டானா
அக்டோபர் 19

மரியாதைக்குரிய மச்சான் ஆர்வில் அவர்களுக்கு,

லோவெல் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை நாடீனும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் வெல்மா அக்காவும் அதைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டுகிறேன். எல்க் மான் வேட்டைக்காக என் துப்பாக்கியில் மாட்டிக்கொள்ள, தூரத்துக் குறி பார்க்கும் ஒரு ஸ்கோப் கொடுத்தீர்களே, செய்தி அதைப் பற்றியது. உட்கார்ந்து படியுங்கள்.

போன வருடம் ஒரு பெரிய கொம்பு மான், என் துப்பாக்கி வெயிலில் மின்னியதைப் பார்த்து, என்னையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடையைக் கட்டியது. முப்பது வருடம் தபால் கொடுத்த என்னை எந்த நாயும் அப்படி அவமானப்படுத்தியதில்லை. உங்கள் ஸ்கோப்போ கண்ணாடியாய்ப் பளபளத்தது. அதற்கும், அதைப் பிடித்து நிறுத்தும் வளையங்களுக்கும் காட்டு நிறத்தில் ஸ்பிரே பெயிண்ட் அடித்துவிடலாமென்று கராஜுக்குப் போனேன்.

"ஏங்க, எங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்களேன்" என்றாள் நாடீன்.

"அடிச்சு முடிச்சதும் பாரு, அவரே அசந்துபோயிடுவாரு" என்றேன்.

லென்ஸ் இரண்டையும் டேப்பால் மூடினேன், குறி திருத்தும் குமிழ்களை மூட மறந்தேன், மண் நிறம் அடித்து, அதன்மேல் இலை மாதிரி விழட்டுமென்று நாடீன் உள்ளாடை துவைக்கும் வலைப்பையைப் போர்த்திப் பச்சை அடித்தேன், பை ஒட்டிக்கொண்டது, பிய்த்தேன், கராஜ் குளிரில் பெயிண்ட் காயவே இல்லை, சரி போகட்டுமென்று சமையலறையில் அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டேன், கீழே சர்ச் விருந்துக்காக ஒரு பெரிய பானை பீன்ஸும் இறைச்சியும் கொதித்ததை எப்படிக் கவனிக்காமல் விட்டேனோ தெரியவில்லை.

"லோவெல்! இங்க வாங்க! பானையில பச்சையா என்னவோ மிதக்குது!"

அவள் கடையில் வாங்கிய பன்களோடு சர்ச்சுக்குப் போனாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நான் இங்கே உட்கார்ந்து, வளையத் திருகுகளில் அடைத்த பெயிண்டைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டினேன். ஒரு திருகின் தலை மழுங்கியே போனது. குமிழ்களில் இருந்த எண்கள் போன இடம் தெரியவில்லை.

நேற்று துப்பாக்கி சுடும் மைதானத்தில் மூன்று முறை சுட்டேன். என் குறி அட்டையில் ஒரு ஓட்டையும் இல்லை. பக்கத்து மேடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, நல்லாத்தான் சுடுறீங்க. ஆனா அது என் அட்டை."

மச்சான், உங்கள் நல்ல பொருளைக் கெடுத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். சனிக்கிழமை வேட்டைக்கு நான் போகவில்லை. நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு உங்கள் வாசலில் வந்து நிற்க எனக்கு முகமும் இல்லை. நாடீனை மட்டுமாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வெல்மா அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் விடட்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன
லோவெல்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் நாடீன் உங்களுக்குப் போன் போட்டாள். "அது ரெண்டு வருஷமாவே குறி தப்புதும்மா, அதான் அவன் தலையில கட்டினேன்" என்று நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு அடுத்த அறைவரை கேட்டது. தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன்; மன்னிப்பைத் திரும்பப் பெறுகிறேன். விருந்துக்கு இருவரும் வருகிறோம். நாடீன் உங்களோடு தனியாகக் கொஞ்சம் பேச வேண்டுமாம்.