வாசலில் நிற்காத வண்டி

"நில்லு! நில்லுடா! அய்யோ, நில்லேன்!"

தேசப்பன் மாடுகளைப் பார்த்துத்தான் கத்தினான். பாவம், அவை நிற்கத்தான் பார்த்தன. பின்னால் வந்த வண்டி அவற்றைத் தள்ளிக்கொண்டு வந்தது.

மணல்மேட்டுச் சரிவின் நடுவில் லோகநாதன் வீடு. தன் மகள் கோவிந்தம்மாவைப் பெண் கேட்டு வருகிறவனை வரவேற்க, அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தேசப்பனுக்குப் பெரியவர்கள் என்று யாரும் இல்லை. தட்டைத் தூக்குவதும் அவன்தான், பேச்சை எடுப்பதும் அவன்தான். வந்தான். வாசலைக் கடந்தான். போயே போய்விட்டான்.

"கும்பிடறேன் மாமா!" என்ற குரல் மட்டும் கொஞ்ச நேரம் அங்கே நின்றது.

சரிவின் அடியில், ஏரிக்கரைச் சேற்றில் வண்டி புதைந்து நின்றது. சீராகக் கொண்டுவந்த மடவை மீன் கூடை பறந்து போய், கரையோரக் குடிசை வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த பவுனம்மாளின் மடியில் விழுந்தது.

"இன்னா வண்டிக்காரரே, மீனு எனக்கா?"

"உனக்கில்ல பவுனு. வண்டி நிக்கல."

எல்லாம் புதுச் சக்கரத்தின் வேலை. ஒல்லாந்தர் கோட்டைக்கு மீன் ஏற்றிப் போகும் தேசப்பன், அங்கே அவர்கள் கழித்துப் போட்ட பீரங்கி வண்டிச் சக்கரங்களைத் தன் பழைய சக்கரங்களைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்திருந்தான். ஆள் உயரம், சுற்றிலும் இரும்புப் பட்டை. அந்த வண்டியில் பெண் கேட்கப் போனால் மாமனார் மலைத்துப் போவார் என்று ஆசை. மலைத்துத்தான் போனார்.

பவுனு மீனை ஒதுக்கி வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தாள். எதையும் நோண்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. வீட்டுப் பின்னால் கிடந்த உடைசல் சக்கரம் ஒன்றை உருட்டி வந்து கம்பில் மாட்டினாள். வண்டியைச் சாய்த்து, சின்னதையும் பெரியதையும் சுழற்றிவிட்டு, ஒரே தடைக்கட்டையால் அழுத்திப் பார்த்தார்கள். சின்னது உடனே நின்றது. பெரியது கட்டையையும் இழுத்து, அதைப் பிடித்திருந்த தேசப்பனையும் இழுத்தது.

"பாத்தீங்களா? கனமெல்லாம் ஓரத்துல கீது. ஒருக்கா சுத்த ஆரம்பிச்சா அதுக்கு நிக்க மனசு வரல."

"அப்போ இன்னா பண்றது?"

"கட்டையப் பெரிசாப் போடுங்க. நல்லா காஞ்ச பனங்கட்டையா பாத்துப் போடுங்க."

மறுநாள் பூத்தட்டோடு வந்தான். லோகநாதன் வாசலுக்கு நேராக வந்ததும் கட்டை புகைந்தது. புகை மூக்கில் ஏறிய மாடுகள் முதல் நாளைவிட வேகமாக ஓடின.

"நைனா, இன்னிக்கும் போறாரு!" என்று கோவிந்தம்மா உள்ளிருந்து கத்தியது அவன் காதில் விழுந்தது. மானம் போனது. பூ போய் பவுனுவின் வலையில் சிக்கிக்கொண்டது.

லோகநாதன் வந்த கோபத்தோடு கரைக்கே இறங்கி வந்துவிட்டார்.

"இன்னும் ஒரு தடவதான் பாப்பேன். நாளைக்கு என் வாசல்ல வண்டிய நிறுத்து, பொண்ணு உனக்கு. இல்லாட்டி, பொண்ணு கேட்டுக்கினு கீற சின்னப்பனுக்குக் குடுத்துடுவேன். வாசல்ல நிக்கத் தெரியாதவன் குடும்பத்துல எங்கய்யா நிப்பான்?"

அவர் போனதும் தேசப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "அம்மாம் பெரிய கடல்ல படகு நிக்குது. தரையில ஒரு வண்டி நிக்கல பவுனு!"

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. "படகு எதனால நிக்குது?"

இருவரும் ஒரே நேரத்தில், கரையில் ஏற்றியிருந்த படகில் கிடந்த நங்கூரத்தைப் பார்த்தார்கள்.

பொழுது சாயும்வரை, மேட்டின் மறுபக்கச் சரிவில், நங்கூரத்தை வண்டியின் பின்னால் கட்டித் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி நின்ற இடத்தில் பவுனு ஒரு சிப்பியை வைத்தாள். நங்கூரம் போட்ட இடத்திலிருந்து அதுவரை நடந்து அளந்தாள். கயிற்றை அவிழ்த்தாள், நீட்டினாள், மறுபடி முடிந்தாள். தன் கல்யாணத்துக்காக ஒருத்தி இவ்வளவு பாடுபடுகிறாளே என்று அவனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"நாளைக்கு இந்தப் பக்கம் எறங்கறப்போ, ஒத்தப் பனமரத்துகிட்ட வந்ததும் நங்கூரத்தப் போடுங்க. முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம்" என்றாள்.

மூன்றாம் நாள் வெற்றிலைத் தட்டு. சொன்ன இடத்தில் போட்டான். நங்கூரம் மணலை உழுதது. வண்டி தளர்ந்தது. லோகநாதன் முகத்தில் சிரிப்புக்கூட வந்துவிட்டது. அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். வண்டி, ஆள் நடக்கிற வேகத்தில், அவரை நிதானமாகக் கடந்து போனது.

பின்னாலேயே வந்த நங்கூரம், அவர் காயப்போட்டிருந்த வலையில் மாட்டியது. கம்புகள் சாய்ந்தன. வலையைப் பிடித்துக்கொண்டு லோகநாதனும் கொஞ்ச தூரம் வந்தார்.

"சின்னப்பனுக்குத்தான்டா!" என்று வலையை விட்டுவிட்டுக் கத்தினார்.

வண்டி அழகாக நின்றது. இந்த முறை சேற்றில்கூட இறங்கவில்லை. தட்டிலிருந்து ஒரு பாக்குகூட உருளவில்லை.

தேசப்பன் இறங்கினான். கோவிந்தம்மா போன துக்கம் ஒரு பக்கம். எங்கே தவறினோம் என்ற குடைச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"பனமரத்துகிட்டதானே போட்டேன்? எங்க தப்பிப்போச்சு?" என்று சக்கரத்தையே கேட்டான்.

குடிசை வாசலில் பவுனுவைக் காணோம். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அம்மா குப்பம்மா சொம்புத் தண்ணீரோடு வெளியே வந்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அவன் கையிலிருந்த வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் தப்பிப்போவல மாப்ள. நம்ம வூட்டு வாசல்ல நிக்கறாப்லதானே அவ கயித்த அளந்து குடுத்தா!"