உங்கள் ஸ்டோர் ரூம் எலிகள் விஷயமாக மூத்த மருமகன் எழுதுவது

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் மகளும் இப்போது நலம். ஏன் ‘இப்போது’ என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் காலில் இருந்த சர்க்கரைப் புண் ஆறிவிட்டதா? போனில் நான் சொல்வது ஒன்று, உங்கள் காதில் விழுவது ஒன்று என்பதால் எழுத்திலேயே கேட்டுவிடுகிறேன்: உங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் எலி வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்?

இருபத்திரண்டு வருஷமாக நகராட்சியில் எலி பிடிப்பதையே உத்தியோகமாகச் செய்கிறவன் நான். என்னை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிச் சின்ன மருமகனைக் கூப்பிட்டிருக்கிறீர்களாம். எலியைப் பற்றிப் படித்து டாக்டர் ஆனவர், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் பார்க்கிற எலியெல்லாம் கூண்டில் இருக்கிற எலி. அதைக் கூண்டுக்குள் கொண்டுவருகிறவன் நான். பேப்பரில் வந்த அவர் படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறீர்களே, அதில் இருக்கிற எலி நான் பிடித்தது மாமா. கூண்டைத் தூக்கிக் காட்டியதும் நான்தான். படத்தில் என் கையை வெட்டிவிட்டு எலியை மட்டும் போட்டிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன்?

அந்தப் பேப்பரில் அவர் என்ன சொல்லியிருக்கிறார்? நகரத்து எலிகள் மாறிவிட்டன, பழைய மருந்து அவற்றுக்கு ஏறுவதில்லை, மனிதர்களுக்கு ஆபத்து என்கிறார். இது எனக்குத் தெரியாதா? போன மாதம் சுகாதார அதிகாரி பார்க்க வேண்டும் என்று மார்க்கெட்டில் எட்டுத் தட்டில் மருந்து வைத்தேன், மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனால் எட்டுத் தட்டும் கழுவி வைத்த மாதிரி இருக்கிறது, செத்த எலி ஒன்றுகூட இல்லை, ஒரு தாய் எலி மட்டும் நான்கு குட்டிகளோடு வந்து இன்னும் இருக்கிறதா என்று என்னைப் பார்க்கிறது, அதிகாரியும் என்னைப் பார்க்கிறார். இதைச் சகலையிடம் சொல்லப்போய்த்தான் வினை. அவர் சிரித்துக்கொண்டே, “அண்ணே, இருபத்திரண்டு வருஷமா ஒரே மருந்தையே வச்சிருக்கீங்க. சாகிறது செத்துப்போச்சு. சாகாதது குட்டி போட்டுச்சு. இப்ப ஓடுறதெல்லாம் அந்தச் சாகாததோட பேரப்பிள்ளைங்க” என்றார். அப்படியென்றால் இந்த எலிகளை உருவாக்கியது யார் மாமா? நான்! பாடுபட்டவன் நான், படம் அவருக்கு.

இப்போது உங்கள் மகள் விஷயம். இரண்டு வாரத்துக்கு முன்னால் சாக்கடையில் நனைந்த என் பூட்ஸை வெறுங்காலோடு நின்று கழுவினாள். அவளுக்குப் பித்தவெடிப்பு வேறு. போன வாரம் காய்ச்சல். சளிக்காய்ச்சல்தான்டி, ஒரு மாத்திரை போட்டுப் படு என்று மூன்று நாள் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சகலை தன் படம் வந்த பேப்பரைக் காட்ட வந்தவர், அவள் சிவந்த கண்ணைப் பார்த்தார். “அக்கா, கெண்டைக்கால் வலிக்குதா?” என்று கேட்டார். அவ்வளவுதான், ஆட்டோ, ஆஸ்பத்திரி, எலிக்காய்ச்சல், ஊசி. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் கால் வெடிப்பு வழியாக ஏறிவிட்டதாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கிட்னிக்குப் போயிருக்கும் என்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது மாமா. ஆனால் பிழைத்து உட்கார்ந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? நான் வாங்கிக்கொண்டு போன ஆரஞ்சை உரித்து அவருக்குக் கொடுத்து, “தம்பி இல்லேன்னா நான் இல்ல” என்றாள். நான் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பழத்தை யார் வாங்கினது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என் மருந்து இன்னும் வேலை செய்யும். உங்கள் வீட்டு எலி என் பொறுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள் ஆசி என்றும் எங்களுக்கு வேண்டும், இரண்டு மருமகன்களுக்கும் சமமாக.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மருமகன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டு வந்தேன். நீங்கள் நடக்கப் போயிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சகலை வரும்போது ஒரு எலிகூட இருக்கக் கூடாது என்று திங்கட்கிழமையே மாற்றுச் சாவியில் வந்து ஸ்டோர் ரூமில் நான்கு தட்டு மருந்து வைத்துவிட்டுப் போனேன். இப்போது வந்து பார்த்தால் மூன்று தட்டு காலி, நான்காவதில் ஒரு எலி படுத்துத் தூங்குகிறது. குழாய் ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர், எலிப் புழுக்கை, அதற்கு நடுவே உங்கள் வெறுங்கால் தடம். புண்ணோடு நடந்திருக்கிறீர்களே மாமா! தரையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டேன். வாசலில் இருக்கிற பூட்ஸ் ஆபீசில் கொடுத்தது, புத்தம் புதுசு. அதைப் போடாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். சகலைக்குப் போன் செய்துவிட்டேன், ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம் என்று இப்போதே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வருகிறார். மறுக்காமல் போங்கள். மேலே எழுதியதை அவரிடம் காட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவர் கூண்டு வைக்கும்போது நானும் வந்து பிடித்துக்கொடுக்கிறேன். பேப்பர்காரர்கள் வந்தால் மட்டும், என் கை முழுசாக விழுகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.