லிஃப்ட் விழுந்துகொண்டிருக்கிறது

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருஷத்தில் என் கையில் ஒரு லிஃப்ட்கூட விழுந்ததில்லை. ஆங்கிலத்தில் எழுதியபோதுதான் விழுந்தது.

புது மேனேஜரம்மா வந்ததும், சர்வீஸ் ரிப்போர்ட் எல்லாம் இனி ஆங்கிலத்தில்தான் என்றார். ‘இறங்கும்போது சத்தம் வந்தது, சரிசெய்துவிட்டேன்’ என்று எழுத நினைத்தேன். எழுதியது, ‘லிஃப்ட் ஈஸ் ஃபாலிங். ஐ வில் ரிப்பேர்.’ விழுந்துகொண்டே இருக்கிறது, இனிமேல்தான் சரிசெய்வேன் என்று அர்த்தமாம். அதைக் கட்டடத்து வாசலில் வேறு ஒட்டிவிட்டார்கள். ஒன்பது மாடி ஜனமும் இரண்டு நாள் படியேறியது.

"ஒரு வாரத்துல உங்க இங்கிலீஷ்ல காலத்தைச் சரி பண்ணுங்க. இல்லன்னா ஸ்டோர் ரூம் வேலைதான்" என்றார் மேனேஜரம்மா.

என் மனைவி மூன்று மாதமாகப் போனில் ஆங்கில இலக்கணம் படிக்கிறாள். அவளிடம் போய்ச் சந்தேகம் கேட்பதா? கட்டிய புருஷனுக்கென்று ஒரு கெத்து இருக்கிறதே! மூளையைக் கசக்கினேன். வழி சொட்டியது.

"உனக்கு ஒரு டெஸ்ட் வைக்கட்டுமா?"

"உங்களுக்கு இங்கிலீஷ் வருமா?"

"ஆபீஸ்ல தினமும் அதுதானே. இந்தா, வேணும்னே தப்புத் தப்பா எழுதியிருக்கேன். கண்டுபிடி."

கொடுக்கவேண்டிய ரிப்போர்ட்டை நீட்டினேன். படித்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"நிறைய வேணும்னே எழுதியிருக்கீங்க."

"டெஸ்ட்னா கஷ்டமா இருக்கணும்ல?"

"‘ஐ ஆம் சேஞ்ச் தி ரோப்’. எப்போ மாத்தினீங்க?"

"நேத்து."

"நேத்துன்னா ‘சேஞ்ச்டு’."

"சபாஷ். பத்துக்கு ஆறு."

"மீதி நாலு எங்க?"

"கையெழுத்து சரியில்ல."

அவள் திருத்தியதை அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் ஜோராக ஓடியது. பரீட்சை அவளுக்கு, பாராட்டு எனக்கு.

ஐந்தாம் நாள் தாளின் அடியில் புதிதாகச் சில வரிகள் இருந்தன.

"இது என்ன?"

"எதிர்காலத்துக்கு உதாரணம். சரியா இருக்கான்னு பாருங்களேன்."

"ரொம்பச் சரி" என்றேன். ஒரு புள்ளி விடாமல் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மேனேஜரம்மா கூப்பிட்டார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா" என்றேன் பெருமையாக.

தமிழாக்கி வாசித்தார். "‘இந்த வார ரிப்போர்ட் எல்லாம் நான் திருத்தியவை. கூப்பிட்டால் திங்கட்கிழமையே வேலைக்கு வருவேன். இப்படிக்கு, மெக்கானிக்கின் மனைவி.’ கீழே போன் நம்பர்."

அவர் போனை எடுத்து நம்பரை அழுத்தினார்.

திங்கட்கிழமை காலை ரிப்போர்ட் சரிபார்க்கும் மேஜையில் என் மனைவி. எதிரே ஏழு மெக்கானிக்குகள் வரிசை. நான் நாலாவது. என் முறை வந்ததும் தாளை வைத்துவிட்டு, குனிந்து, மெதுவாகச் சொன்னேன்.

"சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாமா?"

அவள் நிமிரவே இல்லை.

"அது எதிர்காலம்ங்க. நிகழ்காலத்துல உங்க பின்னாடி மூணு பேர் நிக்கறாங்க."