சனிக்கிழமை ஆடிட்

நிர்மலா சண்டை போடவில்லை. அதனால்தான் வெற்றிவேலுக்குச் சந்தேகமே வந்தது.

பத்தொன்பது வருஷத்தில், ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால்கூட வாசலிலேயே நிற்க வைத்து விசாரணை நடத்துகிறவள் அவள். அப்படிப்பட்டவளிடம், "இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை கம்பெனில ஆடிட்டு. வர எட்டரை ஆவும்" என்று அவன் சொன்னபோது, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "சரி மாமா" என்றாள். சொந்த மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் 'சரி'யும் 'மாமா'வும் அவள் வாயிலிருந்து சேர்ந்து வந்து அவன் கேட்டதே இல்லை.

வெற்றிவேலுக்குப் பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. குடத்துக்கு எவனாவது வாராவாரம் ஆடிட் செய்வானா? யாராயிருந்தாலும் கேட்கிற கேள்வி. நிர்மலா கேட்கவில்லை.

ஆடிட்டின் உண்மைக் கதை இதுதான். ஒருநாள் மிஷன் வீதியில், வாடகை ஸ்கூட்டரில் வந்த பெங்களூர்ப் பையன் ஒருவன் வெற்றிவேலை நிறுத்தி, "அண்ணா, இங்க ரூஃப்டாப் பார் எங்க இருக்கு?" என்று கேட்டான். வெற்றிவேல் மேலே பார்த்தான். கீழே பார்த்தான். தெரியவில்லை. "ஓ, நீங்களும் ஊருக்குப் புதுசா?" என்று இரக்கப்பட்ட அந்தப் பையன், தன் போனைக் காட்டி வெற்றிவேலுக்கே வழி சொல்லிவிட்டுப் போனான்.

முத்தியால்பேட்டையில் பிறந்து நாற்பத்தாறு வருஷமாக அங்கேயே குப்பை கொட்டுகிறவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? பாண்டிச்சேரியின் ராத்திரியைப் பார்க்க ஊர் உலகமே திரண்டு வருகிறது. அவன் பார்த்ததெல்லாம் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒரு பார். அங்கே மின்விசிறியைக் குச்சியால் தள்ளிவிட்டால்தான் சுற்றும். அன்றைக்கே நண்பர்கள் மூவரைக் கூட்டி வைத்துச் சபதம் போட்டான்.

"கார்த்திகைக்குள்ள பாண்டிச்சேரில நாம பாக்காத கடைன்னு ஒண்ணு இருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒண்ணு. சத்தியம்!"

சத்தியம் செய்தவர்களில் முதல் ஆள் எதிர்வீட்டுப் பாவாடை. காலாப்பட்டு பஸ்ஸில் கண்டக்டர். அடுத்தவன் செல்போன் ரிப்பேர்க் கடை முகிலன். மூன்றாவது பிள்ளைச்சாவடி மீன் வியாபாரி சாமிக்கண்ணு. ஒரு சாயங்காலத்துக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். நைட் லைஃப் சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டேகாலுக்குள் முடிந்துவிட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானமானது. பாவாடைக்குச் சர்க்கரை, சாமிக்கண்ணுவுக்கு விடிகாலை மீன் ஏலம், வெற்றிவேலுக்கு நிர்மலா.

முதல் வாரம் அந்த ரூஃப்டாப்புக்கே போனார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். மெனுவில் பிரெஞ்சில் இருந்த எதையோ காட்டி நண்பர்கள் ஆர்டர் செய்தார்கள். பெரிய தட்டு வந்தது. அதன் நடுவில் ஒரு இலையும் கொஞ்சம் வெள்ளைக் குழம்பும் இருந்தன. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்த சாமிக்கண்ணு, "சோறு எப்ப வரும்?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்கான சைட் டிஷ் கிடைக்கிற ஒழுங்கான பார்களாகப் பார்க்கலாம் என்று கலைந்தார்கள். அன்றைக்கு வீட்டில் நிர்மலா ஒன்றுமே கேட்கவில்லை.

இரண்டாவது வாரம் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பார். நெத்திலி வறுவல் வந்தது. ஒன்றை வாயில் போட்ட வெற்றிவேல் கண்ணை மூடினான். மொறுமொறுவென்று, மிளகும் பூண்டும் அளவோடு, அப்படியொரு பக்குவம். சப்ளையரைக் கூப்பிட்டான்.

"தம்பி, கறிவேப்பிலைய தனியா எண்ணெயில பொரிச்சு மேல தூவிக் கொண்டா. அப்பத்தான் இது முழுமை ஆவும்." பிறகு நண்பர்கள் பக்கம் திரும்பினான். "எங்க வீட்லயும் நெத்திலி போடறாங்க. கடிச்சா சைக்கிள் செயினுதான். என் பொண்டாட்டி கைக்கு ஜென்மத்துக்கும் இது வராதுடா."

நண்பர்கள் சிரித்தார்கள். சப்ளையரும் சிரித்தான். அதிலிருந்து எந்தப் பாருக்குப் போனாலும் இந்தக் கறிவேப்பிலை உத்தரவையும் சைக்கிள் செயினையும் அவன் விடாமல் சொல்லிவந்தான்.

ஏலக்காயை மென்று துப்பிவிட்டு வீட்டுக்கு வந்தான். நிர்மலா தயிர்சாதம் வைத்தாள். சாதத்தின் மேல் பொரித்த கறிவேப்பிலை ஒரு கைப்பிடி.

"இன்னா இது?"

"உனக்குப் புடிக்குமேன்னு பொரிச்சேன் மாமா. கேட்டு வாங்கித் துன்ற ஆளாச்சே நீ."

வெற்றிவேல் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். தற்செயலாக இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு சாப்பிட்டான்.

மூன்றாவது வாரம் லாஸ்பேட்டையில் ஒரு பார். நெத்திலியில் உப்பு ஒரு கல் குறைவு என்று மேனேஜரையே வரவழைத்துப் பாடம் நடத்தினான். வீட்டுக்கு வந்தால், தட்டுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி.

"கம்மியா இருந்தா போட்டுக்க மாமா. அதுக்காக மேனேஜரை எல்லாம் கூப்ட்டு வையாத. பாவம்."

"எ... எந்த மேனேஜரை?"

"ஆடிட் மேனேஜரைத்தான். வேற எந்த மேனேஜர் இருக்காரு?"

அன்று அவனுக்குத் தூக்கம் வரவில்லை. சந்தேகமே இல்லை, நண்பர்கள் மூவரில் ஒருத்தன் உளவாளி. முதலில் முகிலன் மேல் கண் விழுந்தது. நிர்மலாவின் போனுக்குப் புது ஸ்கிரீன் போட்டுக் கொடுத்தவன். அக்கா அக்கா என்று குழைகிறவன். மறுநாளே அவன் கடைக்குப் போனான்.

"நீ இனிமே வராத."

"ஏண்ணா? நான் இன்னா பண்ணேன்?"

"அது உனக்கே தெரியும்."

நாலாவது வாரம் முகிலன் இல்லாமல் போனார்கள். வீட்டுக்கு வந்ததும் நிர்மலா கேட்டாள்: "இந்த வாட்டி ஆடிட்ல மூணு பேர்தானா மாமா?"

அப்படியானால் பாவாடைதான்! எதிர்வீடு வேறு. பாவாடையின் பெண்டாட்டி அன்னக்கிளியும் நிர்மலாவும் கொஞ்ச நாளாக நகமும் சதையுமாக இருந்தார்கள். சனிக்கிழமை ஆனால் அன்னக்கிளி வீட்டில் மகளிர் குழு மீட்டிங். மீட்டிங் நடந்தால் தெருவே பூண்டு வாசம் அடித்தது. பரண் மேலிருந்த பெரிய அன்னக்கூடையைக்கூடக் காணோம். கேட்டதற்கு, "அன்னக்கிளி வீட்டு விசேஷத்துக்குக் குடுத்திருக்கேன்" என்றாள். ஒரு வீட்டில் மாசக்கணக்கில் என்ன விசேஷம்? யாராயிருந்தாலும் கேட்கிற கேள்வி. வெற்றிவேல் கேட்கவில்லை. அவன் தலைக்குள் உளவாளியைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

பாவாடையைத் தெருமுனையில் மடக்கினான்.

"உண்மைய சொல்லுடா. உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியா இல்லியா?"

"எதைடா?"

"நாம போற இடத்தை!"

"நான் வாயத் தொறந்து பேச எங்க வீட்ல எப்படா உட்டாங்க? போயும் போயும் என்னைச் சந்தேகப்படறியே!"

பாவாடை கோபித்துக்கொண்டு போய்விட்டான். சனிக்கிழமை டூட்டியையும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஐந்தாவது வாரம் சாமிக்கண்ணு மட்டும். அவர் அன்று முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெற்றிவேலுக்கு அதுவே பெரிய சந்தேகமாக இருந்தது. வீட்டில் நிர்மலா பெருமூச்சு விட்டாள். "ரெண்டே பேரா? மேசையே வெறிச்சோன்னு இருந்திருக்குமே மாமா." மறுநாள் விடிந்ததும் சாமிக்கண்ணுவையும் நீக்கினான். அவர் தன் நாலு வார்த்தையையும் ஒரே மூச்சில் செலவழித்தார்: "போடா, பைத்தியம் புடிச்சிடுச்சு உனக்கு."

ஆறாவது வாரம் வெற்றிவேல் தனி ஆள்.

போனைக் கம்பெனி லாக்கரில் பூட்டினான். ஸ்கூட்டரையும் அங்கேயே விட்டான். தொப்பி போட்டு, முகக்கவசம் மாட்டி, பஸ் ஏறினான். எந்தப் பாருக்குப் போவது என்று தனக்கே முன்கூட்டித் தெரியாதபடி, கண்ணில் பட்ட நிறுத்தத்தில் இறங்கி, கண்ணில் பட்ட பாருக்குள் நுழைந்தான். மணி ஆறு. பக்கத்து மேசையில் ஐந்து பேர் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு சிரித்தார்கள். நண்பர்களுக்காகத்தானே இந்தச் சனிக்கிழமையே? அவர்கள் இல்லாமல் நைட் லைஃப் என்பது ஒரு நாற்காலியும் ஒரு தட்டும்தான்.

நெத்திலி வந்தது. பழக்க தோஷம், சப்ளையரிடமே சொன்னான்: "கறிவேப்பிலைய தனியா பொரிச்சுப் போடுப்பா. எங்க வீட்ல போடறது சைக்கிள் செயினு."

சப்ளையர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே போனான். வெற்றிவேல் கை கழுவ எழுந்தான். வழியில் சமையல்கட்டு. கதவு ஓரத்தில் ஒரு எவர்சில்வர் அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அதன் விளிம்பில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. படித்தான்.

'வெற்றிவேல் – நிர்மலா திருமணத்திற்கு அன்பளிப்பு. மண்ணாங்கட்டி, பிள்ளைச்சாவடி.'

கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் இல்லை என்று மூன்று நாள் சண்டை போட்டுவிட்டு, முகூர்த்தத்துக்குக் கடைசி நிமிஷத்தில் மண்ணாங்கட்டி மாமா தூக்கி வந்த அதே அன்னக்கூடை.

வெற்றிவேல் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். மேனேஜர் ஓடிவந்தார்.

"சார், கீழ வைங்க சார்! அது நிர்மலா அக்காவுது!"

"நிர்மலாவுதுன்னா? என்னுதுய்யா! நான்தான் வெற்றிவேல்!"

மேனேஜர் எழுத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"கறிவேப்பிலை சார்! நீங்க அக்கா வூட்டுக்காரரா? உக்காருங்க சார்! ஏழு பாருக்கு அக்காதான் சைட் டிஷ்ஷு. அன்னக்கிளி அக்கா வண்டியில கொண்டாந்து குடுப்பாங்க. எங்க எல்லாருக்கும் சேத்து ஒரு வாட்ஸப் குரூப்பு. எந்தக் கஸ்டமர் எத்தனை பேரோட வந்து இன்னா குறை சொன்னாலும் அன்னைக்கே அதுல போட்டுடணும். உப்பு கம்மின்னது நீங்கதானே? மறுவாரமே சரி பண்ணிட்டாங்க, பாத்தீங்களா?"

வெற்றிவேல் அசடு வழிந்தான்.

"ஆனா ஒண்ணு சார்," மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "வூட்டம்மா கைக்கு இது வராது, சைக்கிள் செயினுன்னு சொல்வீங்களே... அதையும் எல்லாக் கடைக்காரங்களும் வாராவாரம் விடாம போட்டுட்டோம்."

அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலாப்பட்டு பஸ்ஸில் ஏறினான். கண்டக்டர் பாவாடை. பாவாடை ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். அன்னக்கூடையைப் பார்த்தான். லக்கேஜுக்கு இன்னொரு டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தான்.

வீட்டு வாசலில் வெற்றிவேல் குரலை உயர்த்தினான். இந்த ஒருமுறையாவது நியாயம் தன் பக்கம் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

"பாருக்கு சமைச்சுக் குடுக்கறியா? என் மானம் இன்னா ஆவறது?"

"நீ போய் துன்னா ஆடிட்டு. நான் செஞ்சு குடுத்தா மானம் போயிடுமா?"

"எனக்குத் தெரியாம பண்ணலாமா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ முந்திக்கினு ஆடிட்டுன்ன. ஆடிட் நடக்கறப்ப நான் எப்படி மாமா நடுவுல பேசறது?"

"பின்ன எதுக்கு என்னை இப்படி ஒவ்வொரு வாரமும் வேவு பாத்த?"

"நானா? நீ சொன்னதை அவங்க போட்டாங்க. நான் படிச்சேன். சைக்கிள் செயினுன்ற ஆளு ஊர்ல உன்னை உட்டா வேற யாரு?" நிர்மலா அன்னக்கூடையை வாங்கிக் கீழே வைத்தாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "மாமா, பத்தொன்பது வருஷமா உனக்கு வறுத்துப் போட்ட அதே நெத்திலிதான் அது. அதே மசாலா, அதே கை. இங்க உக்காந்து துன்னப்ப ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொல்லியிருக்கியா? அங்க போய்க் கண்ணை மூடிக்கினு ரசிச்சியாமே. அதையும் போட்டிருந்தாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. சந்தோஷத்துலயா ஆத்திரத்துலயான்னு எனக்கே தெரியல."

வெற்றிவேல் தலையைச் சொறிந்தான். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. வேறு வழி தெரியாமல், "நல்லாத்தான் இருந்துச்சு நிம்மு" என்று மென்று விழுங்கினான்.

"போகாதேன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? நீயேதான் ஒவ்வொருத்தரா வெட்டி உட்ட. போவட்டும். இனிமே சனிக்கிழமை உனக்கு வேலை இல்லியே?"

"இல்ல."

"ரொம்ப நல்லதாப் போச்சு. எட்டாவது பாருக்கு ஆர்டர் வந்திருக்கு. அன்னக்கிளிக்கும் எனக்கும் கை பத்தல."

மறு சனிக்கிழமை வெற்றிவேல் அரைநாள் லீவு போட்டான். அன்னக்கிளி வீட்டுக் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, ஆறு கிலோ நெத்திலிக்குத் தலை கிள்ளினான். அதற்குள் நண்பர்கள் மூவரிடமும் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அவர்களும் பெருந்தன்மையாக மன்னித்து, கதை முழுவதையும் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்து, பாவாடையின் டூட்டியை மறுபடி மாற்ற வைத்து, விட்ட இடத்திலிருந்து சபதத்தைத் தொடர்ந்தார்கள். அவன் இல்லாமல்.

சாயங்காலம் ஆறரைக்குப் போன் அடித்தது. பாவாடை. பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். வெற்றிவேலின் இரண்டு கையிலும் மீன் செதில். அவன் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"டேய், எட்டாவது பார்ல இருக்கோம்டா! நெத்திலி பிரமாதம். ஆனா இன்னா, ரெண்டு மூணுல தலை அப்படியே கீது. சாமிக்கண்ணே துப்பிட்டு நாலு வார்த்தை திட்டிட்டாரு. எவன்டா கிள்ளினான்?"

வெற்றிவேல் வாயைத் திறப்பதற்குள் நிர்மலா போனை எடுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிக்கங்கண்ணா. ஆளு புதுசு, கை இன்னும் படியல. ராத்திரி ஆடிட்ல கேட்டுக்கறேன்."